வேடியப்பன் கல் எங்கே இருக்கு? ஜவ்வாது மலையைச் சுற்றி ஒரு நடுகல் ரோடு ட்ரிப்

கோவிவன். இந்தப் பெயரை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஏதோ குட்டி ராஜா பெயர் மாதிரி இருக்குல்ல? ஆனால், இது ஒரு நாயின் பெயர்.

மகேந்திரவர்ம பல்லவன் காலம். அதாவது, இன்றைக்குச் சுமார் 1,400 வருஷங்களுக்கு முன்னால். திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு பக்கம் இருக்கும் எடுத்தனூரில், எருமை மந்தையைக் காப்பாற்றப் போன கருந்தேவக்கத்தி என்ற வீரர் சண்டையில் விழுந்துவிட்டார். அவருடன் போன கோவிவன் ஓடிப்போகவில்லை. திருடர்களைக் கடித்துவிட்டு, அவர் பக்கத்திலேயே காவல் நின்றது. அந்த வீரருக்குக் கல் நட்டபோது, கூடவே அந்த நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் எழுதி வைத்தார்கள்.

யோசிச்சுப் பாருங்க. நம்முடைய கொள்ளுத் தாத்தாவுக்கு அப்பா பெயரைக் கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால், 7-ம் நூற்றாண்டில் எருமை மேய்த்த ஒரு குடும்பத்தின் நாய் பெயர் நமக்குத் தெரியும். காரணம், ஒரு கல்.

இந்த மாதிரிக் கற்கள் அதிகமாகக் கிடைக்கிற பகுதிகளில் ஒன்று ஜவ்வாது மலையைச் சுற்றியிருக்கும் ஊர்கள். ஏலகிரியில் போட்டிங் போய், போட்டோ எடுத்து, ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுத் திரும்புகிற வழக்கமான வீக்எண்ட் ட்ரிப்பை இந்த ஒருமுறை கொஞ்சம் மாற்றிப் போடலாமா?

கூகுள் மேப் இல்லாத காலத்து ரூட் கைடு

இந்தப் பகுதிக்கு ரோடு ட்ரிப் கைடு எழுதும் முதல் ஆள் நான் இல்லை. சங்க காலத்திலேயே ஒருத்தர் எழுதிவிட்டார். பத்துப்பாட்டில் ஒன்றான 'மலைபடுகடாம்' அதுதான். எழுதியவர் பெருங்கௌசிகனார். செங்கத்தை ஆண்ட நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு, அதாவது ஊர் ஊராகப் போய் ஆடிப் பாடும் கலைஞர்களுக்கு, 'இந்த வழியா போங்க, இங்கே இது கிடைக்கும், அங்கே ஜாக்கிரதை' என்று வழி சொல்கிற பாட்டு.

அதில் இரண்டு விஷயங்கள் நம் ட்ரிப்புக்கு முக்கியம். முதலாவது, போகிற வழியில் பாதை பிரியும் இடங்களில் வீரர்களின் பெயர் பொறித்த நடுகற்கள் நிறைய இருக்கும், அவற்றுக்கு உங்கள் இசையால் மரியாதை செய்துவிட்டுப் போங்கள் என்கிறார். இரண்டாவது, பின்னால் வருகிறவர்கள் வழி தவறாமல் இருக்க, பாதை பிரியும் இடத்தில் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார். அந்தக் காலத்து லொகேஷன் ஷேரிங்! இந்தப் புல் முடிச்சை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நடுகல்னா என்ன?

சண்டையில் இறந்தவருக்கு ஊர் நட்ட கல். இதுதான் சுருக்கமான பதில். கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, நீரில் குளிப்பாட்டி, நட்டு, படையல் போட்டு வாழ்த்துவது வரை இதற்கு ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழ்-பிராமி எழுத்து நடுகற்கள் 2,000 வருஷங்களுக்கும் பழையவை. ஜவ்வாது மலைப் பகுதியில் கிடைப்பவற்றில் பல, பல்லவர் காலத்தையும் அதற்குப் பின் வந்த நூற்றாண்டுகளையும் சேர்ந்தவை.

பெரும்பாலான கற்கள் எதற்காக நடப்பட்டன தெரியுமா? மாட்டுக்காக! பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். அதை மீட்கப் போய் உயிர்விட்டவர்களுக்குக் கல். சில சமயம், கவரப் போய் உயிர்விட்டவர்களுக்கும் கல். அன்றைக்கு மாடுதான் பேங்க் பேலன்ஸ். இன்றும் பொங்கல் சமயத்தில் திருப்பத்தூர், வேலூர், கிருஷ்ணகிரி ஊர்களில் நடக்கும் எருது விடும் விழாவைப் பார்த்தால், மாடு என்றால் இந்த மண்ணுக்கு என்ன என்பது புரிந்துவிடும்.

மாடு மட்டும் இல்லை. ஊருக்குள் வந்த புலியோடு சண்டை போட்டு இறந்தவருக்கும் கல் உண்டு. படையெடுப்பைத் தடுத்து இறந்தவருக்கும் உண்டு. ஆம்பூரிலேயே, 9-ம் நூற்றாண்டில் நிருபதுங்க பல்லவன் காலத்தில் நுளம்பர் படையை எதிர்த்து விழுந்தவர்களுக்கு நட்ட கற்கள் கிடைத்துள்ளன. அடுத்த முறை பிரியாணிக்கு நிறுத்தும்போது ஞாபகம் வரட்டும்.

பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜாவும், தானம் கொடுத்தவரும்தான் அதிகம் பேசுவார்கள். நடுகல்லில் பேசுபவர்கள் ஊர்க்காரர்கள். அரண்மனைக்குள் கால் வைத்திருக்காத ஒருவரின் பெயர் வரலாற்றில் ஏறிய இடம் அது. அதனால்தான், ஒரு கல் உடைந்தால் கூடவே ஒருத்தர் காணாமல் போகிறார். அவரைப் பற்றி வேறு எங்கும் காப்பி இல்லை.

கல்லைப் படிக்க 5 க்ளூ

எழுத்து புரியவில்லையே என்று கவலை வேண்டாம். படத்தை வைத்தே பாதிக் கதையைக் கண்டுபிடிக்கலாம்.

1. கையில் என்ன? வில், வாள், குறுவாள், கேடயம் என்று ஆயுதத்தைப் பாருங்கள். உடம்பில் அம்பு தைத்திருந்தால், அவர் எப்படி இறந்தார் என்பதையே காட்டிவிட்டார்கள்.

2. பக்கத்தில் என்ன? மாடுகள் இருந்தால் மந்தைச் சண்டை. புலி இருந்தால் புலிக்குத்திக் கல். நாய் இருந்தால், அது கோவிவனின் சொந்தக்காரர்!

3. காலடியில் என்ன? கெண்டி, சிமிழ் போன்ற சின்னப் பாத்திரங்கள் பல கற்களில் இருக்கும். இறந்தவருக்கான மரியாதை அது.

4. பக்கத்தில் பெண் இருக்கிறாரா? வளையல் அணிந்த கை மேலே தூக்கியபடி இருந்தால், பெரும்பாலும் அது உடன்கட்டை ஏறிய பெண்ணைக் குறிக்கும் சதிக்கல். இந்தக் கற்கள் எல்லாமே பெருமைக் கதை சொல்வதில்லை. அதையும் சேர்த்தேதான் பார்க்க வேண்டும்.

5. எழுத்து இருந்தால்? பழைய கற்களில் வளைந்து வளைந்து போகும் வட்டெழுத்து இருக்கும். அதற்கு ஒரு டெம்ப்ளேட் உண்டு: எந்த ராஜாவின் எத்தனையாவது வருஷம், எந்த ஊர், என்ன சண்டை, யார். கடைசியில் 'பட்டான்' என்று வரும். அப்படியென்றால் இறந்தான். 'தொறு' என்று வந்தால் மாட்டு மந்தை. இந்த இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும், புத்தகத்தில் அச்சிட்ட நடுகல் வாசகத்தின் கதை பாதி புரியும்.

ஒரு போன் டிப்: எழுத்து தேய்ந்து போன கல்லை நேராக ஃப்ளாஷ் அடித்துப் போட்டோ எடுத்தால் ஒன்றும் தெரியாது. பொழுது சாயும் நேரத்தில், நண்பரின் போன் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கல்லை ஒட்டினாற்போலப் பிடிக்கச் சொல்லுங்கள். வரிவரியாக நிழல் விழும். அதுவரை கண்ணுக்குத் தெரியாத கோடுகள் எழுந்து வரும்.

நாள் 1: திருப்பத்தூர் – ஆலங்காயம் – காவலூர் – ஜமுனாமரத்தூர்

ரயிலில் வந்தால் ஜோலார்பேட்டை ஜங்ஷனில் இறங்கலாம். அங்கிருந்து திருப்பத்தூர் பக்கம்தான். 2019 நவம்பர் வரை வேலூர் மாவட்டத்தில் இருந்த ஊர், இப்போது மாவட்டத் தலைநகரம். ஒருகாலத்தில் சந்தனத்துக்குப் பேர்போன மலையடிவார ஊர். அரசு சந்தனக் கிடங்கு இங்கேதான் இருக்கிறது.

இதே தாலுகாவில் இருக்கும் பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. புதிய கற்கால மக்கள் வாழ்ந்த இடம், அவர்கள் பயன்படுத்திய கற்கோடரிகள், கருகிய கொள்ளு, பாசிப்பயறு எல்லாம் கிடைத்தன. அதாவது, மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இந்த ஊரில் கொள்ளு ரெடி!

அந்தக் காலத்துக் கற்கோடரிகளை ஜவ்வாது மலை மேல் புதூர்நாடு பக்கம் போனால் இன்னொரு வடிவத்தில் பார்க்கலாம். நிலத்தில் கிடைத்த வழவழப்பான கோடரிகளை, சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க வேண்டிய பொருள், இங்கே மஞ்சள் குங்குமத்தோடு வெயில் காய்கிறது.

கீழே ஊர்களில் நடுகல் தேடும்போது ஒரு விஷயம். 'நடுகல் எங்கே இருக்கு?' என்று கேட்டால் பலருக்குப் புரியாது. 'ஐயா, இங்க வேடியப்பன் கோயில் எங்க இருக்கு?' என்று கேளுங்கள். கை உடனே ஒரு திசையைக் காட்டும். திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் பகுதிகளில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில்தான் சாமியாக இருக்கின்றன. ஏரிக்கரை, வயல் வரப்பு, புளியமரத்தடி என்று எங்கேயும் இருக்கலாம். டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது. செருப்பை மட்டும் கழற்றிவிடுங்கள்.

அடுத்து ஆலங்காயம் வழியாகக் காவலூர். பழங்காலக் கல்லைத் தேடி வந்தவர்களுக்கு டெலஸ்கோப் எதற்கு என்று கேட்கலாம். இதுவும் பாரம்பரியம்தான், கொஞ்சம் இளைய பாரம்பரியம். வானியலாளர் வைணு பாப்பு, வெளிச்சத் தொல்லை இல்லாத, தென்வானமும் நன்றாகத் தெரிகிற இடம் தேடி இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் சின்ன டெலஸ்கோப்போடு தொடங்கியது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது உலகுக்குத் தெரியவந்தது அல்லவா, அந்த இரவில் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986-ல் இந்தியாவிலேயே உருவான 2.34 மீட்டர் டெலஸ்கோப் இங்கே திறக்கப்பட்டது. அதைப் பார்க்க பாப்பு இல்லை, 1982-லேயே இறந்துவிட்டார். ஆய்வகத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இங்கே நடுகல் இப்படியும் இருக்கும்!

சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கும் வழக்கம் உண்டு. நேரம், அனுமதி விவரங்களை இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரவில் அந்த ரோட்டில் பைக் ஹெட்லைட்டை அணைத்து ஓரமாக நிறுத்தி, ஐந்து நிமிஷம் மேலே பாருங்கள். நடுகல் நட்டவர்கள் பார்த்த வானத்துக்குக் கிட்டத்தட்ட அருகில் இருக்கும் வானம் அது.

நாள் 2: குள்ளர் வீடு – செங்கம்

ஜமுனாமரத்தூர் ஜவ்வாது மலையின் மையமான ஊர். இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலானவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். கேரளாவுக்கும் இந்தப் பெயருக்கும் குழப்பிக்கொள்ள வேண்டாம், மலையில் வாழ்பவர்கள் என்பதால் மலையாளி. கிடைத்தால் சாமைச் சோறு சாப்பிடுங்கள். தேன் வாங்குங்கள்.

இந்த மலையில் ஆங்காங்கே கற்பலகைகளால் கட்டிய குட்டி வீடுகள் மாதிரி ஒன்று தெரியும். மூன்று பக்கமும் பலகைக் கற்கள், மேலே பெரிய மூடுகல். ஊரில் 'குள்ளர் வீடு' என்பார்கள். குள்ளமான மனிதர்கள் இங்கே வாழ்ந்தார்கள் என்று கதை. தொல்லியல் இதைக் கல்திட்டை என்கிறது. இரும்புக் கால மக்கள் இறந்தவர்களுக்காகக் கட்டிய நினைவுச் சின்னம். சிமென்ட் இல்லை, ஆணி இல்லை. கல்லின் எடையே கல்லைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அதனால்தான் ஒரு பக்கப் பலகையை அசைத்தால் மொத்தமும் சரிந்துவிடும். மேலே ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்கும் ஆசை வரும். வேண்டாம். அது ஒருவருடைய சமாதி. உங்கள் தாத்தா சமாதி மேல் ஏறுவீர்களா?

பல கல்திட்டைகள் காட்டை ஒட்டி இருப்பதால், உள்ளூர்க்காரர் துணை இல்லாமல் போகாதீர்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி அவசியம்.

மலையின் இன்னொரு பக்கம் இறங்கினால் செங்கம். மலைபடுகடாமின் டெஸ்டினேஷன்! நடுகல் ஆராய்ச்சியில் இந்த ஊருக்குத் தனி இடம் உண்டு. இந்த வட்டாரத்துக் கற்களை ஊர் ஊராகத் தேடிப் படித்து, 1972-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' என்ற புத்தகமாக வெளியிட்டது. பதிப்பாசிரியர் இரா.நாகசாமி. வயல்காட்டில் கிடந்த கற்களெல்லாம் ஆதாரமாக மாறிய முக்கியமான இடங்களில் அதுவும் ஒன்று.

செங்கத்தில் இறங்கியதற்கு இன்னொரு போனஸும் உண்டு. வேணுகோபால பார்த்தசாரதி கோயிலில் நாயக்கர் காலத்து ராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. அனுமதி கேட்டுப் பாருங்கள். ஃப்ளாஷ் மட்டும் போடாதீர்கள். அங்கிருந்து சிங்காரப்பேட்டை வழியாகத் திருப்பத்தூர் திரும்பினால் ஒரு ரவுண்டு முடிந்தது.

மண்ணில் படுத்திருக்கும் துரியோதனன்

பங்குனியிலிருந்து வைகாசிக்குள் போகிறீர்கள் என்றால், வழியில் எங்காவது பாரதக்கூத்து நடக்கிறதா என்று விசாரியுங்கள். வடமாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் பல நாள் மகாபாரதம் நடக்கும். இரவெல்லாம் தெருக்கூத்து. கடைசி நாள் படுகளம். ஊர்ப் பொதுவெளியில், தரையோடு தரையாக மல்லாந்து படுத்திருப்பது போல பிரமாண்டமான துரியோதனன் உருவத்தை மண்ணாலேயே செய்வார்கள். கண், மீசை, கிரீடம் எல்லாம் வண்ணத்தில் மின்னும். வேஷம் கட்டிய பீமன் வந்து தொடையைப் பிளப்பார். பிறகு கூட்டம் அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போகும். வீட்டில், வயலில் போட்டால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை.

பல நாள் உழைத்துச் செய்த சிற்பம் ஒரே காலையில் காலி. ஆனால் யாரும் வருத்தப்படுவதில்லை, அடுத்த திருவிழாவுக்கு மறுபடி செய்யத் தெரிந்த கை ஊரில் இருக்கிறது. நடுகல் அப்படி இல்லை. அதைச் செதுக்கிய கை போய் பல நூற்றாண்டாகிவிட்டது. துரியோதனன் உடையலாம், வேடியப்பன் உடையக் கூடாது.

நல்ல எண்ணத்தால் வரும் ஆபத்து

இவ்வளவு வருஷம் இந்தக் கற்கள் தப்பியதற்கு முக்கியக் காரணம், யாரோ ஒருத்தர் தினமும் விளக்கு வைத்ததுதான். சாமி இல்லை என்று ஊர் முடிவு செய்த கல், துணி துவைக்கும் கல்லாகவோ பாலத்துக்கு அஸ்திவாரமாகவோ போய்விடும். ரோடு அகலப்படுத்தும்போது ஜேசிபி-க்கு எல்லாக் கல்லும் ஒரே கல்தான்.

அதேசமயம், பக்தியே சில நேரம் எழுத்தை அழித்துவிடுகிறது. பளபளவென்று எனாமல் பெயின்ட் அடிப்பது, சுற்றி சிமென்ட் பூசுவது, டைல்ஸ் ஒட்டுவது எல்லாம் அன்பால் செய்வதுதான். ஆனால், கல்லின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கல்வெட்டு சிமென்ட்டுக்குள் போய்விடும். 'ஏன் இப்படிப் பண்ணிட்டீங்க?' என்று சண்டைக்குப் போகாதீர்கள். 'தாத்தா, இதுல எழுத்து இருக்கு, உங்க ஊரு ஆளு பேரு இருக்கு' என்று சொல்லிப் பாருங்கள். தன் ஊர்க்காரர் பெயர் அதில் இருப்பது தெரிந்தால், அந்தக் கல்லுக்கு அவரே காவல்காரர்.

நம் பக்கமும் தவறு உண்டு. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ், கோலமாவு, மைதா மாவு தேய்ப்பது. ஆராய்ச்சியாளர்கள் ஈரத்தாளும் மையும் வைத்து முறையாகப் படியெடுப்பார்கள். அது தெரியாமல் நாம் தேய்த்தால், ஏற்கெனவே தேய்ந்த வரி இன்னும் தேயும். டார்ச் வெளிச்சம் போதும்.

கல்திட்டைகளுக்கு வேறு ஆபத்து, புதையல் வதந்தி. உள்ளே தங்கம் இருக்கிறது என்று இரவில் தோண்டுகிறவர்கள் உண்டு. இதுபோன்ற ஈமச்சின்னங்களில் வழக்கமாகக் கிடைப்பது எலும்பு, பானை ஓடு, இரும்புத் துண்டுகள்தான். மேலும், 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி மண்ணில் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருளைக்கூட கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆக, தோண்டியவருக்கு லாபம் இல்லை, நமக்கு மொத்தமும் நஷ்டம்.

கிளம்புறதுக்கு முன்னாடி

- மழைக்காலம் முடிந்து, டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல நேரம். மலையில் இரவு குளிரும், ஸ்வெட்டர் அவசியம்.
- மலைப்பாதையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். பெட்ரோலைக் கீழேயே நிரப்பிவிடுங்கள்.
- வயல் நடுவில் இருக்கும் கல்லுக்கு, நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பயிரை மிதித்துப் போகும் ரசனை யாருக்கும் வேண்டாம்.
- மனிதர்களைப் போட்டோ எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். மலைக் கிராமம் ரீல்ஸ் செட் இல்லை.
- கல்லை நகர்த்தாதீர்கள். கவிழ்ந்து கிடந்தாலும் நிமிர்த்தாதீர்கள். இருந்த இடமும் ஆதாரம்தான்.

புல் முடிச்சு

யாரும் கவனிக்காத ஒரு கல்லை நீங்களே பார்த்துவிட்டால்? முதல் ஆசை, லொகேஷனோடு ஸ்டோரி போடுவது. ஒரு நிமிஷம் பொறுங்கள். ஊரோடு இருக்கும் வேடியப்பன் கோயில் என்றால் பிரச்னை இல்லை. தனியாக, காட்டோரமாக இருக்கும் கல்திட்டை என்றால், அந்தப் பின் தோண்டுகிறவர்களுக்கும் வழி காட்டும்.

அதற்குப் பதில் நான்கு போட்டோ எடுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்து, தூரத்திலிருந்து சுற்றுப்புறம். ஊர்ப் பெயரையும், கல்லை அந்த ஊரில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ மாநிலத் தொல்லியல் துறையிடமோ பக்கத்துக் கல்லூரித் தமிழ், வரலாற்றுத் துறை ஆசிரியர்களிடமோ கொடுத்துவிடுங்கள். இந்த மலையின் பல கற்களும் முதலில் யாரோ ஒரு ஊர்க்காரர், யாரோ ஒரு மாணவர் சொல்லித்தான் வெளியே தெரிந்தன.

செங்கத்துக்குப் போன கூத்தர்களிடம் பெருங்கௌசிகனார் புல்லை முடிந்துவிட்டுப் போகச் சொன்னது இதற்குத்தான். பின்னால் வருகிறவர் வழி தவறக் கூடாது. நீங்கள் அனுப்பும் அந்த நான்கு போட்டோவில், இன்னொரு கோவிவன் பெயர் இருக்கலாம்.